பாய்சி குன்றுகளில் மவுண்டன் பைக்: வறண்ட புதர்நிலத்து ஒற்றையடிப் பாதைகளுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத் தலைநகர் பாய்சி. மைக்ரான் நிறுவனத்தின் தலைமையகம் அங்கே இருப்பதால் வேலைக்காகப் போய்ச் சேரும் நம்மவர்களும் உண்டு. ஊரின் வடக்குப் பக்கம் வீடுகள் முடியும் இடத்திலேயே குன்றுகள் தொடங்கிவிடும். அவற்றின் மேல் 300 கிலோமீட்டருக்கும் அதிகமான பாதைகள் ஓடுகின்றன. நகராட்சியும் கவுன்ட்டி (மாவட்ட) நிர்வாகமும் மத்திய அரசின் நில, வனத் துறைகளும் சேர்ந்து 'ரிட்ஜ் டு ரிவர்ஸ்' என்ற பெயரில் இவற்றைப் பராமரிக்கின்றன. பெரும்பாலானவை ஒற்றையடிப் பாதைகள். ஒரு சைக்கிள் போகும் அகலம்தான், இரண்டு பக்கமும் முழங்கால் உயரப் புதர். 2001-இல் ஊர் மக்கள் வாக்களித்துத் தங்கள் வரியிலிருந்து 1 கோடி டாலர் ஒதுக்கியதால்தான் இந்தக் குன்றுகளில் பல இடங்கள் வீட்டுமனைகள் ஆகாமல் தப்பின.

மவுண்டன் பைக் பற்றிய பொதுவான வழிகாட்டிகள் ஏராளம். ஆனால் அவை பெரும்பாலும் ஈரமான காட்டுப் பாதைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வறண்ட புதர்நிலத்தில் எப்போது போவது, எந்த டயர் போடுவது, எப்படித் திரும்புவது என எல்லாவற்றையும் மண்தான் தீர்மானிக்கிறது. அதனால் மண்ணிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் நிலம்

பாய்சியில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான் மழையும் பனியும் விழும். சென்னையில் விழுவதில் கால் பங்குகூட இல்லை. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மேற்கே இருக்கும் மலைத்தொடர்கள் பிழிந்துவிடுகின்றன. மிஞ்சும் கொஞ்ச ஈரமும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் வந்து சேரும். கோடையில் வாரக்கணக்கில் ஒரு துளி இருக்காது.

இந்த நிலத்தின் அடையாளச் செடி சேஜ்பிரஷ். சாம்பல் கலந்த பச்சை இலை, கசக்கினால் கற்பூரம் போல் ஒரு வாசனை. அதனூடே கொத்துக் கொத்தாகப் புல். ஏப்ரல், மே மாதங்களில் சரிவுகள் முழுக்க பால்சம்ரூட் என்னும் மஞ்சள் பூ. கொத்துகளுக்கு நடுவில் வெறும் தரையாகத் தெரிவதும் பல இடங்களில் வெறும் தரை இல்லை. பாசியும் லைக்கனும் நுண்ணுயிர்களும் சேர்ந்து மண்ணின் மேல் மெல்லிய ஓடு ஒன்றைக் கட்டியிருக்கும். மண் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு டயர் ஏறினால் உடைந்துவிடும், மறுபடி உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். பாதையை விட்டு இறங்காதே என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சீட்கிராஸ். ஐரோப்பா, ஆசியாவிலிருந்து வந்து பரவிய புல் அது. மண் கிளறப்பட்ட இடத்தில் முதலில் முளைக்கும், ஜூன் மாதத்துக்குள் காய்ந்து வைக்கோலாகிவிடும், பிறகு ஒரு தீப்பொறி போதும். சேஜ்பிரஷ் எரிந்தால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்காது. விதையிலிருந்துதான் மெதுவாக வரவேண்டும். அதற்குள் சீட்கிராஸ் இடத்தைப் பிடித்துவிடும், சில ஆண்டுகளில் மறுபடி தீ. 1996-இல் நடந்த எட்டாம் தெரு தீ இந்தக் குன்றுகளில் சுமார் 15,000 ஏக்கரை எரித்தது. 2016 ஜூன் கடைசியில் டேபிள் ராக் குன்று எரிந்ததற்குக் காரணம் தடை செய்யப்பட்ட வாணவேடிக்கை.

மண்ணில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஒன்று, கிரானைட் பாறை உதிர்ந்து உண்டான பருமணல். நீரை உடனே வடித்துவிடும், மழைக்குப் பின் இன்னும் நன்றாகவே பிடிக்கும். மற்றொன்று களிமண். காய்ந்தால் சிமென்ட் தரை, நனைந்தால் பசை. ஒரே பாதையில் 200 மீட்டருக்குள் இரண்டும் மாறி மாறி வரும். நிறத்தையும் பளபளப்பையும் வைத்து இதைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்த மாதம், எந்த மணி

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை அருமையான காலம். மண்ணில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும், டயர் கடித்துப் பிடிக்கும். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் அடுத்தபடி. புதிதாகக் கற்பவர் இந்த இரண்டு பருவங்களில் ஒன்றில் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெயில் 33, 34 டிகிரி சாதாரணம், 38-ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. நிழல் என்பது கிடையாது. ஆனால் காற்றில் ஈரமில்லாததால் இரவில் வெப்பம் சட்டென இறங்கி, விடியற்காலையில் 16 டிகிரி வாக்கில் இருக்கும். எனவே காலை 6 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் மாலையிலும் போகலாம், ஆனால் பகலெல்லாம் சுட்ட மண் மாலையிலும் அனல் கக்கும். என் ஓட்டு காலைக்குத்தான். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வந்து நிற்கும் நாட்களில் காற்றின் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 150-க்கு மேல் இருந்தால் வீட்டிலேயே இருப்பது நல்லது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது சாதாரணமாக இழுப்பதைப் போலப் பல மடங்கு புகையை உள்ளே இழுப்போம்.

குளிர்காலம்தான் தந்திரமானது. இரவில் மண் உறைந்து இறுகிவிடும். விடிந்ததும் போனால் தார்ச்சாலை மாதிரி ஓடலாம். வெயில் ஏற ஏற மேல்தோல் மட்டும் இளகும், அடியில் இன்னும் உறைந்தே இருப்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே சகதியாகிவிடும். ஆகவே குளிர்காலத்தில் காலை நேரம்தான் கணக்கு. சகதி ஆவதற்குள் நீங்கள் காருக்குத் திரும்பியிருக்க வேண்டும். தெற்குப் பார்த்த சரிவு காய்ந்திருக்கும்போது வடக்குப் பார்த்த சரிவில் பனி கிடக்கலாம்.

அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று: உங்கள் டயர் தடம் பதிந்தால் திரும்பிப் போய்விடு. களிமண்ணில் பதியும் தடம் கோடையில் அப்படியே இறுகும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்திலேயே வாய்க்கால் பிடித்து ஓடிப் பாதையை அரிக்கும். சகதியைத் தவிர்க்க ஓரமாகப் புல்லில் ஏறிப் போவது அதைவிட மோசம். பாதை அகலமாகும், கிளறிய ஓரத்தில் சீட்கிராஸ் முளைக்கும். கிளம்பும் முன் ரிட்ஜ் டு ரிவர்ஸ் வெளியிடும் பாதை நிலவரத்தைப் பாருங்கள். எந்தப் பாதை ஈரம், எது மணற்பாங்கு என்று அதில் தெரியும்.

சைக்கிள்

இந்தக் குன்றுகளுக்கு விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. பெரிய பாறைகள், குதிக்கும் இடங்கள் எல்லாம் அடிவாரத்தில் குறைவு. முன்னால் மட்டும் 120 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் உள்ள, 29 அங்குலச் சக்கர வண்டி தாராளம். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் இருந்தால் இறக்கத்தில் சொகுசு, அவ்வளவுதான். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் கட்டாயம். ஏற்றங்கள் நீளமானவை என்பதால் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் உள்ள கியர் வேண்டும். காசு மிச்சமிருந்தால் ட்ராப்பர் போஸ்டில் போடுங்கள். ஒரு விசையை அழுத்தினால் சீட் இறங்கிவிடும், இறக்கத்தில் உடம்பைத் தாழ்த்த இடம் கிடைக்கும். ஓட்டும் முறையையே மாற்றும் பாகம் அது. வாங்கும் முன் ஊர்க் கடைகளில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

டயர்: நெருஞ்சிக்கு எதிரான போர்

நம் ஊர்த் தரிசில் காலைக் குத்தும் நெருஞ்சி இருக்கிறதே, அதே செடிதான். அதன் காய்க்கு அங்கே 'ஆட்டுத்தலை' என்று பெயர். கொம்பு வைத்த ஆடு போலத் தெரியும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். பாய்சி சைக்கிள்காரர்களுக்கு அதன் மேல் எவ்வளவு கோபம் என்றால், அதைப் பிடுங்கிக் கொண்டுவரச் சொல்லித் திருவிழாவே நடத்தியிருக்கிறார்கள். பாதையின் நடுவில் இது குறைவு. வண்டி நிறுத்துமிடம், சாலையோரம், பாதை தொடங்கும் வாசல், அங்கேதான் அதிகம். ஆகவே வண்டி நிறுத்துமிடத்தில் சைக்கிளை உருட்டாதீர்கள். தூக்கிக்கொண்டு போய்ப் பாதையில் வையுங்கள்.

சாதாரண ட்யூப் போட்டு இங்கே ஓட்டுவது வீண் வேலை. ட்யூப்லெஸ் டயருக்கு மாறி உள்ளே சீலன்ட் திரவம் ஊற்றுங்கள். 29 அங்குல டயருக்குச் சுமார் 100 மில்லி. முள் குத்திய ஓட்டையைத் திரவமே அடைத்துவிடும். ஆனால் வறண்ட காற்றில் அது சீக்கிரம் காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். சீலன்ட் பாட்டில் மேல் எழுதியிருக்கும் கணக்கை நம்பாமல் கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். டயரைக் காதருகில் வைத்துக் குலுக்கும்போது சளசளவென்று கேட்கவில்லை என்றால் ஊற்ற வேண்டிய நேரம்.

அகலம் 2.3 அல்லது 2.4 அங்குலம். முன் டயரில் ஓரக் கட்டைகள் உயரமாகவும் இடைவெளியோடும் இருக்க வேண்டும். பின் டயர் கொஞ்சம் வழுவழுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. காற்றழுத்தம்தான் பலர் கவனிக்காத இடம். 70 கிலோ எடையுள்ளவர் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். அழுத்தமாக அடித்தால் வேகம் கூடும் என்பது தார்ச்சாலைக் கணக்கு. இங்கே கெட்டியான தரையின் மேல் தளர்ந்த சரளை சிதறிக் கிடக்கும், கல்லென இறுகிய டயர் அதில் வழுக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு பி.எஸ்.ஐ. குறைத்துப் பாருங்கள். சக்கர விளிம்பு தரையில் இடிக்கும் சத்தம் கேட்டால் கொஞ்சம் கூட்டுங்கள்.

உடம்பில், பையில்

ஹெல்மெட், முழு விரல் கையுறை, கண்ணாடி. கண்ணாடி அழகுக்கு இல்லை. முன்னால் போகிறவர் கிளப்பும் புழுதிக்கு. நீண்ட கை வைத்த மெல்லிய சட்டை வெயிலுக்கு நல்லது.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர் அனுபவம் ஏமாற்றும். சென்னையில் வியர்த்தால் சட்டை நனையும், தாகம் எடுக்கும், நமக்கே தெரியும். இங்கே வியர்வை சுரந்த உடனே ஆவியாகிவிடும். தோல் காய்ந்தே இருப்பதால் உடம்பு வற்றுவது தெரியாது. தலைவலி வந்த பிறகுதான் புரியும். மணிக்கு முக்கால் லிட்டர் கணக்கு வைத்து, அதற்கு மேல் அரை லிட்டர் கூடுதலாக எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு லிட்டர். வழியில் நம்பி நிரப்பிக்கொள்ளக் குழாய் இருக்காது, ஓடைத் தண்ணீர் அப்படியே குடிக்க ஆகாது. ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டுக்கொண்டால் போதும், கடைப் பொடி அவசியமில்லை.

பையில் டயர் ஓட்டையை அடைக்கும் பிளக், சின்ன பம்ப், ஒரு உபரி ட்யூப், மல்டி டூல், செயின் இணைப்பு ஒன்று, இடுக்கி, முதலுதவிப் பொட்டலம். சில பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் போய்விடும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஓட்டக் கற்பது

முதல் நாள் சமதளத்தில் ஒரே ஒரு பயிற்சி: நிற்கும் நிலை. இறக்கத்தில் சீட்டில் உட்காரக் கூடாது. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், எடை முழுக்கப் பாதங்களில், முழங்காலும் முழங்கையும் மடங்கி, பார்வை பத்து மீட்டர் முன்னால். கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும், ஆனால் அதில் சாய்ந்திருக்காது. பயத்தில் பின்னால் சாய்வது எல்லோருக்கும் வரும். அப்படிச் சாய்ந்தால் முன்சக்கரத்தில் எடை குறைந்து, சரளையில் அதுதான் முதலில் நழுவும்.

அடுத்தது பிரேக். ஒவ்வொரு பிரேக்கிலும் ஒரே ஒரு விரல். நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அதைத் தொடவே பயந்து பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும். வேகமும் குறையாது, பாதையிலும் பள்ளம் விழும். முன் பிரேக்கைச் சட்டென இறுக்காமல் மெல்ல அழுத்திக் கூட்டுங்கள்.

திரும்புவதுதான் இந்த நிலத்தின் உண்மையான பாடம். இறுகிய தரை மேல் உருளும் சரளை இருக்கும் வளைவில் டயர் ஒரு சமயத்தில் ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்யும்: ஒன்று வேகத்தைக் குறைக்கும், இல்லை திருப்பும். அதனால் வளைவுக்கு முன்பே, நேர்கோட்டில் இருக்கும்போதே பிரேக் வேலையை முடித்துவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்ததும் விரலைத் தளர்த்துங்கள். வெளிப்பக்கப் பாதத்தில் எடையைப் போட்டு, சைக்கிளை உள்ளே சாய்த்து, உடம்பைக் கொஞ்சம் நிமிர்த்தி வையுங்கள். பார்வை வளைவின் முடிவில் இருக்கட்டும். பலரும் ஓட்டி ஓட்டி வளைவின் வெளியோரத்தில் சரளை ஒதுங்கியிருக்கும், நடுவில் ஒரு கைப்பிடி அகலத்துக்குச் சுத்தமான தடம் தெரியும். அந்தத் தடத்தைப் பிடியுங்கள். இடையில் வழுக்குவது போலத் தோன்றினால் பிரேக்கைத் தொடாதீர்கள். கொஞ்சம் நழுவிவிட்டுச் சக்கரம் தானே மறுபடி பிடிக்கும். இதை நம்பப் பழகுவதற்குக் கொஞ்ச காலம் ஆகும்.

ஆகஸ்ட் மாதத்தில் பாதையின் தாழ்வான இடங்களில் மாவு போலப் புழுதியும் மணலும் சேர்ந்துவிடும். அங்கே எடையை லேசாகப் பின்னுக்குக் கொண்டுபோய், மிதித்துக்கொண்டே நேராகக் கடந்துவிடுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பினால் முன்சக்கரம் புதைந்து ஆளைத் தூக்கிப் போடும்.

ஏற்றத்தில் சரளை இருந்தால் எழுந்து நின்று மிதிக்காதீர்கள், பின்சக்கரம் சுழன்றுவிடும். சீட்டின் முன்முனைக்கு நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, ஒரு கியர் கடினமாகவே வைத்துச் சீராக மிதியுங்கள். கொண்டை ஊசி வளைவில் வெளியோரமாக அகன்று நுழைந்து, தலையை முழுக்கத் திருப்பி அடுத்த நேர்ப்பாதையைப் பாருங்கள். முடியவில்லையா, இறங்கித் தள்ளுங்கள். அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள், அவர்களும் தள்ளியவர்கள்தான்.

எந்தப் பாதையில் தொடங்குவது

ஊருக்குள்ளேயே இருக்கும் கேமல்ஸ் பேக் பூங்காவிலிருந்து தொடங்குவது சுலபம். கெஸ்ட்ரல் பாதையில் ஏறி, கிரெஸ்ட்லைன் வழியாகப் போய், லோயர் ஹல்ஸ் கல்ச்சில் இறங்குவது பாய்சிக்காரர்களின் வழக்கமான சுற்று. ஆனால் தேதியைப் பார்க்க வேண்டும். லோயர் ஹல்ஸ் கல்ச் இரட்டைப்படைத் தேதிகளில் இறங்கும் சைக்கிள்களுக்கு மட்டும். ஒற்றைப்படைத் தேதிகளில் நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் ஏறும் சைக்கிள்களுக்கும். கூட்டம் கூடிச் சண்டை வந்த பிறகு கண்டுபிடித்த ஏற்பாடு இது. எனக்குத் தெரிந்து இதைவிடப் புத்திசாலித்தனமான சமரசம் வேறு பாதைகளில் இல்லை. விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் வாசலில் உள்ள பலகையை வாசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வடமேற்கில் இருக்கும் போல்கேட் சுற்றுப் பாதை சுமார் 10 கிலோமீட்டர். எல்லோரும் ஒரே திசையில்தான் போக வேண்டும், எதிரே யாரும் வர மாட்டார்கள். அதனால் புதியவருக்கு நிம்மதி. மிலிட்டரி ரிசர்வ் என்ற குன்றுப் பகுதியில் உள்ள பக்டெயில் பாதை இறங்கும் சைக்கிளுக்கென்றே ஒதுக்கியது. வளைவுப் பயிற்சிக்கு நல்ல இடம். கோரல்ஸ் பாதை திறந்த வெளி, வெயிலில் போகாதீர்கள். கால் பழகிய பிறகு ஹார்ட் கை ('முரட்டு ஆள்') பாதையில் மலைமுகடு வரை ஏறிப் பாருங்கள், பெயருக்கேற்ற பாதை. ஜூலை வெயிலில் அடிவாரத்தை விட்டுவிட்டு போகஸ் பேசின் பனிச்சறுக்கு மலைக்குப் போய்விடலாம். அங்கே பைன் மர நிழல் உண்டு.

எதிரே ஆள் வந்தால்

சைக்கிள் எல்லோருக்கும் வழிவிட வேண்டும். இறங்கும் சைக்கிள் ஏறும் சைக்கிளுக்கு வழிவிட வேண்டும். வழிவிடுவது என்றால் நிறுத்தி, ஒரு காலை ஓரத்தில் ஊன்றி நிற்பது. புதரின் மேல் ஏறிச் சுற்றிப் போவது இல்லை. குதிரை வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கமாக நின்று, ஏதாவது பேசுங்கள். ஹெல்மெட் போட்ட உருவம் மனிதக் குரலில் பேசினால் குதிரை மிரளாது. குருட்டு வளைவுக்கு முன் மணி அடிக்கலாம்.

பாம்பு, உண்ணி

இந்தக் குன்றுகளில் ராட்டில்ஸ்நேக் உண்டு. வசந்தத்திலும் கோடைக்கால மாலையிலும் சூடான பாதையில் நீட்டிப் படுத்திருக்கும். வாலைக் கிலுகிலுப்பை போல ஆட்டி எச்சரிக்கும், ஆனால் எப்போதும் ஆட்டும் என்று நம்ப வேண்டாம். நின்றுவிடுங்கள், பின்னால் நகருங்கள், அது போகும் வரை காத்திருங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, அசைவைக் குறைத்து, அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான்.

மார்ச் முதல் ஜூன் வரை புல்லில் உண்ணிகள். புல் உரசும் பாதையில் போய் வந்தால் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பில், தலைமுடிக்குள் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது எல்லாம் வேண்டாம். அடுத்த சில நாட்களில் காய்ச்சல் வந்தால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும்

தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவத் தேவையில்லை. பேரிங்குக்குள் புழுதி சேறாகப் போய் உட்காரும். காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். செயினைத் துணியால் துடைத்து, மெழுகு வகை உலர் லூப் (மசகு) மட்டும் போடுங்கள். எண்ணெய் போட்டால் புழுதி ஒட்டி உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தைத் தேய்க்கும். முன் ஃபோர்க்கின் கால்களைத் துணியால் ஒரு துடை.

டயரைச் சுற்றிப் பார்த்து, முள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் வையுங்கள். சீலன்ட் அங்கே தேங்கி அடைக்கும். ட்யூப் போட்ட டயராக இருந்தால் பாதையில் முள்ளைப் பிடுங்காதீர்கள். அது இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும், வீடுவரை வந்துவிடலாம். காலணி, சாக்ஸ், டயர் இடுக்குகளில் ஒட்டியிருக்கும் புல் விதைகளைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். தோட்டத்தில் உதறினால் சீட்கிராஸும் நெருஞ்சியும் அடுத்த வருஷம் உங்கள் வீட்டு வாசலிலேயே முளைக்கும்.